உதகையின் உயரத்தில் ஓர் ஒலிம்பிக் விழா

உங்களில் பலர் உதகமண்டலத்திற்குச் சுற்றுலா சென்றிருப்பீர்கள். பேருந்தை விட்டு இறங்கியதும் தாவரவியல் பூங்காவின் சரிவில் ஓடிப் பிடித்து விளையாடியிருப்பீர்கள். அப்போது வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே மூச்சு வாங்கியது நினைவிருக்கிறதா? குளிரினால் அப்படி என்று எண்ணியிருப்பீர்கள். காரணம் குளிர் அன்று, காற்று.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்பு மாணவர்களை உதகைக்கு அழைத்துச் சென்றபோது, ஆய்வகத்திலிருந்து அனிராய்டு பாரமானி ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்றோம். மேட்டுப்பாளையத்தில் 730 மில்லிமீட்டரை ஒட்டி நின்ற முள், மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் சிறிது சிறிதாகக் கீழிறங்கியது. உதகையில் 585-ஐ ஒட்டி வந்து நின்றது. கல்லூரிப் பந்தயங்களில் 1,500 மீட்டர் ஓடும் மாணவர் ஒருவர் எங்களோடு வந்திருந்தார். திறந்தவெளி ஒன்றைக் கண்டதும் தம் வழக்கமான வேகத்தில் மூன்று சுற்று ஓடிப் பார்த்தார். மூன்றாவது சுற்றின் முடிவில் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றவாறே, "சார், இங்கே காற்றே இல்லை சார்!" என்றார். காற்று இல்லாமல் இல்லை, குறைவாக இருந்தது. எவ்வளவு குறைவு என்பதைத்தான் பாரமானி சொல்லியது.

உதகையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். பூமியின் மறுபுறத்தில் மெக்ஸிகோ நாட்டின் தலைநகரான மெக்ஸிகோ நகரமும் ஏறத்தாழ அதே 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த நகரத்தில் 1968-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள் எல்லோரும் உதகையின் காற்றில் ஓடினால் என்ன ஆகும்? அதுதான் அங்கே நடந்தது. அதையொட்டி எழுந்த வாதங்கள் இன்றும் ஓயவில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுத்த கதை

1963-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் அனைத்துலக ஒலிம்பிக் குழு கூடியது. 1968-ஆம் ஆண்டுப் பந்தயங்களை எங்கே நடத்துவது என்பதை அங்கே முடிவு செய்தனர். போட்டியில் நான்கு நகரங்கள் இருந்தன. மெக்ஸிகோ நகரம் 30 வாக்குகள் பெற்றது. அமெரிக்காவின் டெட்ராய்ட் 14, பிரான்சின் லியோன் 12, அர்ஜெண்டினாவின் புவனோஸ் ஐரிஸ் 2 வாக்குகள் பெற்றன. இலத்தீன் அமெரிக்க நாடு ஒன்றுக்கு ஒலிம்பிக் விழா கிடைத்தது அதுவே முதல் முறை.

உடனே எதிர்ப்புக் கிளம்பியது. இவ்வளவு உயரத்தில் நெடுந்தொலைவு ஓடச் சொல்வது வீரர்களின் உயிருக்கே ஆபத்து என்று சில பயிற்சியாளர்கள் எச்சரித்தனர். மெக்ஸிகோ நாட்டினரோ, "எங்கள் நகரில் பல இலட்சம் மக்கள் பிறந்து, வளர்ந்து, ஓடி, விளையாடி வருகிறார்களே!" என்றனர். ஐயத்தைத் தீர்ப்பதற்காக 1965, 1966, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அங்கே முன்னோட்டப் போட்டிகள் நடத்தப்பட்டன. பல நாடுகள் வீரர்களோடு மருத்துவர்களையும் உடலியல் அறிஞர்களையும் அனுப்பி வைத்தன.

இதில் யார் கூறியது சரி? உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காற்று எவ்வளவு குறைவு?

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். 2,240 மீட்டர் உயரத்தில் அது சுமார் 585 மி.மீ. அதாவது கடல் மட்டத்தில் உள்ளதில் நூற்றுக்கு 77 பங்கு. வெப்பநிலை ஒன்றாக இருந்தால் காற்றின் அடர்த்தியும் இதே விகிதத்தில் குறையும் என்பது பாயில் விதியிலிருந்து உங்களுக்குத் தெரியும். 20 டிகிரி செல்சியஸில் கடல் மட்டக் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.20 கிலோகிராம். மெக்ஸிகோ நகரில் அது 0.92 கிலோகிராம்.

ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு இரண்டு இடங்களிலும் 21 விழுக்காடுதான். மலைமேல் "ஆக்சிஜன் குறைந்த காற்று" வீசுவதாகச் சிலர் கூறுவது தவறு. காற்றே நெருக்கம் குறைந்து இருக்கிறது. ஆகவே ஒரு மூச்சில் உள்ளே செல்லும் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் குறைகிறது.

இந்த ஒரே மாறுதலுக்கு இரண்டு விளைவுகள் உண்டு. காற்று மெலிந்திருப்பதால் அதைக் கிழித்துக்கொண்டு ஓடுவது எளிது. அதே காற்று மெலிந்திருப்பதால் அதைக் கொண்டு உயிர்ப்பது கடினம். முன்னது ஆதாயம், பின்னது இழப்பு. எந்தப் பந்தயத்தில் எது மேலோங்கும் என்பதே கேள்வி.

விரைந்து ஓடுபவருக்கு ஆதாயம்

ஓடும் மனிதரைக் காற்று எதிர்த்துத் தள்ளும் விசையைக் கீழ்க்காணும் சமன்பாடு தரும்.

தடை விசை = 1/2 × காற்றின் அடர்த்தி × இழுவை எண் × முன்பக்கப் பரப்பு × வேகம் × வேகம்

ஓடும் மனிதருக்கு இழுவை எண்ணையும் முன்பக்கப் பரப்பையும் பெருக்கினால் ஏறத்தாழ 0.45 சதுர மீட்டர் வரும். 100 மீட்டர் ஓட்டத்தில் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் என்று கொள்வோம்.

கடல் மட்டத்தில்: 1/2 × 1.20 × 0.45 × 10 × 10 = 27 நியூட்டன்.
மெக்ஸிகோ நகரில்: 1/2 × 0.92 × 0.45 × 10 × 10 = 21 நியூட்டன் (ஏறத்தாழ).

திறன் என்பது விசையும் வேகமும் பெருக்கிய தொகை. ஆகவே காற்றை எதிர்க்க மட்டும் கடல் மட்டத்தில் 270 வாட்டும், மெக்ஸிகோவில் 210 வாட்டும் செலவாகின்றன. மிச்சம் 60 வாட்! ஒரு மின்விளக்கை எரிக்கும் அளவு திறனை இயற்கையே ஓட்டக்காரருக்குப் பரிசாகக் கொடுக்கிறது. 100 மீட்டர் ஓட்டத்தில் இதனால் கிடைக்கும் ஆதாயம், ஒரு விநாடியை நூறாகப் பிரித்தால் அதில் சுமார் ஏழு பங்கு என்று கணக்கிட்டுள்ளனர். சிறியதுதான். ஆனால் முதலிடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் உள்ள இடைவெளி பல பந்தயங்களில் இதைவிடப் பெரிதாக இருப்பதில்லை.

100 மீட்டர் ஓட்டத்துக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பகுதி, தசைகளில் முன்னரே சேமித்து வைத்த பொருள்களிலிருந்து ஆக்சிஜன் இன்றியே கிடைத்துவிடுகிறது. பத்து விநாடியில் மூச்சுக்காற்றைப் பற்றிக் கவலைப்பட நேரம் ஏது? ஆகவே இங்கே ஆதாயம் மட்டுமே, இழப்பு இல்லை.

நடந்ததும் அதுவே. 100 மீட்டரில் ஜிம் ஹைன்ஸ் 9.95 விநாடி, 200 மீட்டரில் டாமி ஸ்மித் 19.83 விநாடி, 400 மீட்டரில் லீ எவான்ஸ் 43.86 விநாடி. மூன்றும் உலக சாதனைகள். மும்முறைத் தாண்டுதலில் ஒரே போட்டிக்குள் உலக சாதனை ஐந்து முறை முறியடிக்கப்பட்டது.

ஆனால், "எல்லாம் காற்றின் செயல்" என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அறிவியல் சோதனையில் ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டுமே மாற்ற வேண்டும் என்று ஆய்வகத்தில் சொல்லித் தருகிறோம் அல்லவா? ஒலிம்பிக் தடகளத்தில் கரித்தூள் பாதைக்குப் பதிலாகச் செயற்கை இரப்பர் போன்ற பொருளாலான பாதை போடப்பட்டதும் மெக்ஸிகோவில்தான் முதல் முறை. காற்றும் மாறியது, தரையும் மாறியது. எந்த ஆதாயம் எதனால் வந்தது என்று பிரித்தறிவது எளிதன்று.

பாப் பீமன் தாண்டிய தூரம்

அக்டோபர் 18-ஆம் நாள் நீளத் தாண்டுதலில் அமெரிக்காவின் பாப் பீமன் முதல் தாண்டலிலேயே மணற்குழியின் கோடி வரை சென்று விழுந்தார். தூரத்தை அளப்பதற்கு வைத்திருந்த ஒளியியல் கருவி அவ்வளவு தொலைவுக்கு நகரவில்லை. அதன் தண்டவாளம் முன்னரே முடிந்துவிட்டது! நாடாவைக் கொண்டுவந்து அளந்தனர். 8.90 மீட்டர். அதுவரை இருந்த உலக சாதனை 8.35 மீட்டர். ஒரே தாண்டலில் 55 சென்டிமீட்டர் கூடுதல்.

"உயரத்தின் உதவியால் தாண்டினார்" என்று பலர் கூறினர். இதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். தாண்டுபவர் ஏறத்தாழ 0.9 விநாடி அந்தரத்தில் இருக்கிறார். எடை 70 கிலோகிராம் என்று கொண்டால், 27 நியூட்டன் விசை அவருக்குத் தரும் எதிர்முடுக்கம் 0.39 மீ/வி². இதனால் அவர் இழக்கும் தூரம் 1/2 × 0.39 × 0.9 × 0.9 = சுமார் 16 செ.மீ. மெக்ஸிகோவில் இதே கணக்கு 12 செ.மீ. தரும். ஆதாயம் 4 செ.மீ.க்கு மேல் இல்லை.

அடுத்து, புவியீர்ப்பு முடுக்கம். இலண்டனில் அது 9.812 மீ/வி², மெக்ஸிகோ நகரில் 9.779. வேறுபாடு ஆயிரத்தில் மூன்று பங்கைச் சற்றே தாண்டும். 8.90 மீட்டரில் இது சுமார் 3 செ.மீ. இதிலும் ஒரு வியப்பு உண்டு. கடலோரத்தில் உள்ள நம் சென்னையில் இம்முடுக்கம் 9.783. மெக்ஸிகோவின் அளவுக்கு மிக நெருக்கம்! ஏனெனில் ஈர்ப்பைக் குறைப்பதில் உயரத்தைவிட நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதே பெரும்பங்கு வகிக்கிறது. இலண்டனில் தாண்டுபவரைவிடச் சென்னையில் தாண்டுபவருக்கு இயற்கை கிட்டத்தட்ட அதே சலுகையை அளிக்கிறது. அதைப் பற்றி எவரும் புகார் செய்ததில்லை.

ஆக, அந்தரத்தில் கிடைத்த ஆதாயம் இரண்டும் சேர்ந்து 7 செ.மீ. இவற்றோடு, ஓடிவரும்போது கிடைத்த சற்றுக் கூடுதலான வேகத்தையும் பின்னாலிருந்து வீசிய காற்றையும் சேர்க்க வேண்டும். அன்று காற்றின் வேகம் விதிகள் அனுமதிக்கும் உச்ச அளவான விநாடிக்கு 2.0 மீட்டர். எல்லாவற்றையும் கூட்டினாலும் 55 செ.மீ. முழுவதற்கும் கணக்குச் சொல்ல முடியாது.

இதைவிட எளிமையான சான்று ஒன்று இருக்கிறது. அதே காற்றில், அதே குழியில், அதே நாளில் தாண்டிய மற்றவர்கள் எவ்வளவு தாண்டினர்? இரண்டாம் இடம் பெற்ற கிளாவுஸ் பேர் 8.19 மீட்டர். மூன்றாம் இடம் பெற்ற ரால்ஃப் பாஸ்டன் 8.16 மீட்டர், பழைய உலக சாதனைக்கு உரியவர்களில் அவரும் ஒருவர். மெல்லிய காற்று எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. பீமனின் தாண்டல் பீமனுடையதே. 23 ஆண்டுகள் கழித்து, 1991-இல், கடல் மட்டத்தில் உள்ள டோக்கியோவில் மைக் பவல் 8.95 மீட்டர் தாண்டி அச்சாதனையை முறியடித்தார். ஒலிம்பிக் சாதனையாக 8.90 மீட்டர் 2024-ஆம் ஆண்டு பாரிஸ் போட்டிக்குப் பிறகும் நிலைத்து நிற்கிறது.

நெடுந்தொலைவு ஓடியவர்கள் பட்ட பாடு

இனி இழப்பின் பக்கம் வருவோம்.

மூச்சுக்குழலுக்குள் செல்லும் காற்று நீராவியால் நிறைவுறுகிறது. உடல் வெப்பநிலையில் அந்த நீராவியின் அழுத்தம் எங்கும் 47 மி.மீ. மீதியில் 21 விழுக்காடே ஆக்சிஜனின் பகுதி அழுத்தம்.

கடல் மட்டத்தில்: (760 − 47) × 0.21 = சுமார் 150 மி.மீ.
மெக்ஸிகோ நகரில்: (585 − 47) × 0.21 = சுமார் 113 மி.மீ.

ஆக்சிஜனைக் குருதிக்குள் தள்ளும் விசை நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. ஹீமோகுளோபின் தன் கொள்ளளவில் பெரும்பகுதியை எப்படியும் நிரப்பிக்கொள்ளும். ஆனால் முழு வேகத்தில் ஓடும்போது நுரையீரல் வழியே குருதி விரைந்து பாய்கிறது. நிரம்புவதற்கு நேரம் போதாது. கடல் மட்டத்திலிருந்து புதிதாக வந்தவர் பயன்படுத்தக்கூடிய பெரும ஆக்சிஜன் அளவு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைகிறது. 10,000 மீட்டர் ஓட்டத்தில் ஆற்றலின் பெரும்பகுதி ஆக்சிஜனைக் கொண்டுதான் கிடைக்க வேண்டும்.

முடிவுகளைப் பாருங்கள்.

1,500 மீட்டர்: உலக சாதனை 3 நிமிடம் 33.1 விநாடி, மெக்ஸிகோவில் வென்றவர் 3 நிமிடம் 34.9 விநாடி.
5,000 மீட்டர்: உலக சாதனை 13 நிமிடம் 16.6 விநாடி; மெக்ஸிகோவில் வென்றவர் 14 நிமிடம் 5 விநாடி.
10,000 மீட்டர்: உலக சாதனை 27 நிமிடம் 39 விநாடி, மெக்ஸிகோவில் வென்றவர் 29 நிமிடம் 27 விநாடி.

தூரம் கூடக் கூட இழப்பும் கூடுகிறது. இறுதிப் போட்டிகளில் வீரர்கள் நேரத்தைவிட வெற்றியையே குறியாகக் கொண்டு ஓடுவர். அதனாலும் நேரம் கூடும் என்பது உண்மை. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரை வென்றவர் எடுத்துக்கொண்ட நேரம் 28 நிமிடம் 24 விநாடி. அதனோடு ஒப்பிட்டாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிட்டது.

அந்த 10,000 மீட்டர் உலக சாதனைக்கு உரியவர் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க். அவர் முன்னணியினரோடு நெடுநேரம் ஈடுகொடுத்து ஓடினார். இறுதிச் சுற்றுகளில் கால்கள் தள்ளாடின. ஆறாவதாக எல்லைக்கோட்டைக் கடந்து, நினைவிழந்து தரையில் விழுந்தார். மருத்துவர் ஓடிவந்து ஆக்சிஜன் கொடுத்து அவரைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. எச்சரித்தவர்களின் அச்சம் வெறும் கற்பனை அன்று என்பதை அக்காட்சி காட்டியது.

வென்றவர்கள் யார்? 1,500 மீட்டரில் கென்யாவின் கிப் கெய்னோ. 10,000 மீட்டரில் கென்யாவின் நஃப்தாலி தேமு. 3,000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் கென்யாவின் ஏமோஸ் பிவோட். மாரத்தானில் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே. நால்வரும் உயர்ந்த மேட்டு நிலங்களிலிருந்து வந்தவர்கள். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா, மெக்ஸிகோ நகரைவிடவும் உயரமானது. 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் நான்காவதாக வந்தவர் மெக்ஸிகோவின் ஹுவான் மார்த்தினெஸ்.

இதைக் கொண்டு, "உயரத்தில் பிறந்ததால் மட்டுமே வென்றனர்" என்று சொல்லலாமா? அதுவும் தவறு. கெய்னோ 1972-இல் மியூனிக் நகரில் தடைதாண்டும் ஓட்டத்தில் மீண்டும் தங்கம் வென்றார். மியூனிக் அவ்வளவு உயரத்தில் இல்லை. கென்யரும் எத்தியோப்பியரும் அதன் பின் எத்தனையோ தாழ்நில நகரங்களில் வென்றுள்ளனர். உயரம் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆனால் ஓடியது அவர்களுடைய கால்களே.

பழகிக்கொள்ள யாரால் முடிந்தது?

உயரத்துக்கு நம் உடல் பழகிக்கொள்ளும். முதல் நாள்களில் மூச்சும் நாடித்துடிப்பும் விரைவுபடும். ஆக்சிஜன் குறைவை உணரும் சிறுநீரகங்கள் எரித்ரோபொயட்டின் என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். அது எலும்பு மஜ்ஜையைத் தூண்டும், சிவப்பணுக்கள் பெருகும். இதற்குச் சில வாரங்கள் தேவை. பழகிய பின்னும் இழப்பு முழுவதும் ஈடாகாது, ஆனால் குறையும்.

ஆகவே வீரர்களை முன்கூட்டியே உயரத்தில் தங்கவைக்கப் பல நாடுகள் முனைந்தன. பிரான்ஸ், பிரனீஸ் மலையில் 1,850 மீட்டர் உயரத்தில் ஃபான்-ரோமே என்னும் இடத்தில் பயிற்சி நிலையம் அமைத்தது. சோவியத் யூனியன், ஆர்மீனிய மலைகளில் உள்ள த்சாக்காட்சோரைத் தேர்ந்தது. அமெரிக்கா, கலிஃபோர்னியாவில் எக்கோ சம்மிட் என்னும் மலைக்கணவாயில், மெக்ஸிகோ நகரின் உயரத்துக்குச் சமமான இடத்தில், பைன் மரங்களுக்கு நடுவே ஓடுபாதை போட்டுத் தேர்வுப் போட்டிகளையே அங்கு நடத்தியது.

பணமும் மலையும் உள்ள நாடுகள் இப்படிச் செய்யலாம். இல்லாத நாடுகள் என்ன செய்யும்? இந்தக் கேள்வி எழுந்ததால், பந்தயத்துக்கு முந்தைய மூன்று மாதங்களில் நான்கு வாரங்களுக்கு மேல் உயரத்தில் சிறப்புப் பயிற்சி பெறக் கூடாது என்று ஒலிம்பிக் குழு விதித்தது. ஆனால் உயரத்திலேயே வீடு உள்ளவரை என்ன செய்வது? அவரைக் கீழே இறங்கி இருக்கச் சொல்ல முடியுமா? இப்படி, காற்றின் அடர்த்தியில் தொடங்கிய வாதம் நாடுகளின் செல்வ வேறுபாட்டில் வந்து நின்றது.

எது இயல்பான இடம்?

இங்கே நாம் சற்று நிதானித்து ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கடல் மட்டம்தான் "இயல்பான" இடம் என்று முடிவு செய்தது யார்? 760 மில்லிமீட்டரை நாம் திட்ட அழுத்தம் என்று வைத்துக்கொண்டது அளவீட்டு வசதிக்காக. மலையில் வாழும் மனிதர் இயல்பு குறைந்தவர் என்று அதற்குப் பொருள் அன்று.

2007-ஆம் ஆண்டில் இதே வாதம் மீண்டும் எழுந்தது. 2,500 மீட்டருக்கு மேல் அனைத்துலகக் கால்பந்துப் போட்டிகள் நடத்தக் கூடாது என்று உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு தடை விதித்தது. சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் உள்ள லா பாஸ் நகரில் பொலிவியா தன் போட்டிகளை ஆடி வந்தது. "எங்கள் வீட்டில் நாங்கள் விளையாடக் கூடாதா?" என்று அந்நாட்டு மக்கள் கொதித்தனர். அதிபர் ஏவோ மொராலெஸ் தாமே ஒரு பனிமலையின் மேல் பந்தாடி எதிர்ப்பைக் காட்டினார். அடுத்த ஆண்டே அத்தடை நிறுத்தி வைக்கப்பட்டது.

உயரத்தைப் போலவே வெப்பமும் ஒரு பக்கம் சாய்வதுண்டு. மெக்ஸிகோவில் 1970, 1986 ஆண்டுகளில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகளில் பல ஆட்டங்கள் கடும் வெயிலில் நண்பகலில் ஆடப்பட்டன. ஐரோப்பாவில் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு அதுவே வசதியான நேரம்! 2019-இல் கத்தார் நாட்டின் தோஹா நகரில் உலகத் தடகளப் போட்டிகள் நடந்தபோது, வெப்பத்துக்கு அஞ்சிப் பெண்கள் மாரத்தானை நள்ளிரவை ஒட்டித் தொடங்கினர். அப்படியும் ஓடத் தொடங்கிய 68 பேரில் 40 பேரே முடித்தனர். இரவிலும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்ததால் வியர்வை ஆவியாகவில்லை; ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது.

ஆகவே யாருக்கும் சாயாத இடம் என்று பூமியில் ஒன்றும் இல்லை. வேறுபாட்டை அளக்கலாம், முன்கூட்டியே அறிவிக்கலாம், பழகிக்கொள்ள எல்லோருக்கும் காலமும் வசதியும் தரலாம். நேர்மை என்பது அவ்வளவே. இதுவரை சொன்னது அறிவியலால் தீரக்கூடிய பகுதி.

பாரமானி காட்டாதவை

ஆனால் ஒரு விழாவை ஏற்று நடத்துவதில் பாரமானியும் வெப்பமானியும் காட்டாத செய்திகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் இப்பாடம் முழுமை பெறாது.

1968-ஆம் ஆண்டின் கோடை முழுவதும் மெக்ஸிகோ நகரின் மாணவர்கள் கிளர்ச்சியில் ஈடுபட்டிருந்தனர். அரசியல் கைதிகளை விடுவிக்க வேண்டும், காவல்துறையின் அடக்குமுறை நிற்க வேண்டும் என்பன அவர்களுடைய கோரிக்கைகள். தொடக்க விழா நடக்கவிருந்த அரங்கம் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தது. அந்த வளாகத்துக்குள் செப்டம்பர் 18-ஆம் நாள் இராணுவம் புகுந்தது. அக்டோபர் 2-ஆம் நாள் மாலை, ட்லாடெலோல்கோ பகுதியில் உள்ள மூன்று பண்பாட்டுச் சதுக்கத்தில் மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தோர் எத்தனை பேர் என்பதில் அரசின் கணக்குக்கும் மற்றவர் கணக்குக்கும் பெரும் வேறுபாடு. பல பத்துப் பேர் முதல் சில நூறு பேர் வரை கூறுவர். அவர்களில் பலர் உங்களைவிடச் சில வயதே மூத்தவர்கள்.

பந்தயங்கள் திட்டமிட்டபடி நடைபெறும் என்று ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஆவெரி பிரண்டேஜ் அறிவித்தார். பத்தே நாளில், அக்டோபர் 12 அன்று, விழா தொடங்கியது. நான்கு நாள் கழித்து 200 மீட்டர் பரிசளிப்பு மேடையில், தம் நாட்டில் கறுப்பின மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியைக் காட்ட டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் தலை குனிந்து, கறுப்பு உறை அணிந்த கையை உயர்த்தி நின்றனர். அவர்கள் விளையாட்டுக் கிராமத்தை விட்டே வெளியேற்றப்பட்டனர்.

ஐந்து ஆண்டுகள் உலகம் மெக்ஸிகோவின் காற்றைப் பற்றி வாதித்தது. வீரர்களின் குருதியைச் சோதித்தது, நாடித்துடிப்பை எண்ணியது. அது தேவையான செயல்தான். ஆனால் அந்நகரத்து இளைஞர்களின் உயிரைப் பற்றி அதே அக்கறையோடு எவரும் விசாரிக்கவில்லை.

இது பழங்கதை அன்று. 2022-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி கத்தாரில் நடந்தது. கோடை வெப்பம் ஆட்டக்காரர்களுக்கு ஆகாது என்று அதை நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு மாற்றினர். ஆனால் அரங்கங்களையும் சாலைகளையும் கட்டிய தொழிலாளர்கள் கோடைகளிலும் வேலை செய்தனர். அவர்களில் மிகுதியானோர் இந்தியா, நேபாளம், வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து சென்றவர்கள். நம் ஊர்களிலிருந்தும் அந்நாட்டுக்கு வேலைக்குச் சென்றவர்கள் உண்டு. கடும் கண்டனத்துக்குப் பின், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வெயிலையும் ஒருசேர அளக்கும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்று 2021-இல் அந்நாடு விதித்தது. அப்போது கட்டுமானத்தில் பெரும்பகுதி முடிந்திருந்தது.

அந்தக் குறியீட்டை அளக்கும் கருவி 2021-இல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. பல பத்தாண்டுகளாக இருப்பது. அளக்கத் தெரியாமல் இருந்தது அன்று குறை. யாருக்காக அளப்பது என்பதில்தான் குறை.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை ஏதேனும் ஒரு நாட்டில் பெருவிழா நடக்கும்போது பதக்கப் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். அந்நகரம் எவ்வளவு உயரத்தில் உள்ளது, வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவு, ஓடுபவர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். அரங்கத்தைக் கட்டியவர் யார், அதன் வாசலுக்கு வெளியே நிற்பவர் யார் என்றும் கேளுங்கள். முதல் கேள்விகளுக்கு இயற்பியல் விடை தரும். கடைசிக் கேள்விகளுக்கு நாம்தான் விடை தேட வேண்டும்.

செய்து பாருங்கள், சிந்தியுங்கள்

1. மிதிவண்டி வீரர் விநாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் செல்கிறார். இழுவை எண்ணும் பரப்பும் பெருக்கிய தொகை 0.25 சதுர மீட்டர் என்று கொண்டு, கடல் மட்டத்திலும் மெக்ஸிகோ நகரிலும் அவர் காற்றை எதிர்க்கச் செலவிடும் திறனைக் கணக்கிடுக. உயரத்தால் அதிக ஆதாயம் மிதிவண்டி வீரருக்கா, ஓட்டக்காரருக்கா?

2. உதகைக்குச் செல்லும்போது நன்றாக ஒட்டி மூடிய பிஸ்கட் பொட்டலம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அங்கே அது உப்பியிருப்பது ஏன்? உதகையில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பதற்கும் இதற்கும் தொடர்பு என்ன?

3. பின்னாலிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால், 100 மீட்டர் ஓட்டத்திலும் நீளத் தாண்டுதலிலும் சாதனை ஏற்கப்படுவதில்லை. ஆனால் உயரத்துக்கு அப்படி வரம்பு ஏதும் இல்லை. இது முறையா? உங்கள் வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து வாதியுங்கள்.